அலுவலகக் கணினி வீட்டுக்கு வந்த கதை

"தம்பி, ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுல இருந்தே திறக்க வழி இருக்கா?"

கிள்ளானிலிருந்து என் அக்கா தொலைபேசியில் கேட்டார். அவர் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். ஒரு கடைவீட்டின் மாடியில் சின்ன அலுவலகம். முடிதிருத்தும் நிலையம், மளிகைக்கடை, உணவகம் என்று ஏழெட்டு முதலாளிகளின் சம்பளக் கணக்கு அவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் முந்தைய மாதச் சம்பளத்துக்கான இபிஎஃப், சொக்சோ சந்தாக்கள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் முதலாளிக்கு அபராதம், தொழிலாளிக்கு நஷ்டம்.

அந்த மாதம் அக்காவின் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாலும், யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டிய நிலை. மாமா வேலைக்குப் போயாக வேண்டும். அக்காதான் வீட்டில். அன்று வெள்ளிக்கிழமை, தேதி 11.

"கோப்புகளை மடிக்கணினியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது நாப்பது பேரோட ஐசி நம்பர், சம்பளம் எல்லாம் அதுல இருக்குடா. வீட்டு லேப்டாப்பைப் பிள்ளைங்க தூக்கிட்டுத் திரியுறாங்க" என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் தகவல் அலுவலகத்தை விட்டு நகராமல், திரை மட்டும் வீட்டுக்கு வர வேண்டும். அதற்குப் பெயர்தான் ரிமோட் டெஸ்க்டாப்.

வேலை அரைமணி நேரத்தில் முடியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முடிய மூன்று நாள் ஆனது. ஏன் ஆனது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இதே வேலையில் இறங்கினால் என்னுடைய மூன்று நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

லினக்ஸ் கணினி, விண்டோஸ் மடிக்கணினி

அக்காவின் அலுவலகக் கணினி பழையது. விண்டோஸின் புதுப் பதிப்பைத் தாங்காது என்பதால் அதில் உபுண்டு 22.04 போட்டுக் கொடுத்திருந்தேன். உபுண்டு லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. யூனிக்ஸ் வழிவந்த அமைப்பு. வீட்டு மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ்.

ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் காட்டும் எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் 1984இல் உருவான எக்ஸ் விண்டோ அமைப்பு, நிரல் ஓரிடத்திலும் திரை வேறிடத்திலும் இருக்கலாம் என்ற அடிப்படையில்தான் அமைக்கப்பட்டது. 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்போடு ஆர்டிபி என்ற தகவல் பரிமாற்ற முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. இன்றும் விண்டோஸில் இருக்கும் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' பேசுவது அந்த ஆர்டிபி மொழியைத்தான்.

லினக்ஸ் கணினிக்கும் அதே மொழியைப் பேசக் கற்றுக்கொடுக்கும் இலவச நிரல்தான் எக்ஸ்ஆர்டிபி. அதை அலுவலகக் கணினியில் நிறுவினால் போதும். வீட்டு விண்டோஸில் புதிதாக எதையும் போட வேண்டியதில்லை.

அது மூன்று துண்டுகளாக வேலை செய்கிறது. எக்ஸ்ஆர்டிபி என்ற முதல் துண்டு வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கிறது. செஸ்மேன் என்ற இரண்டாவது துண்டு கடவுச்சொல்லைச் சரிபார்த்து, உங்களுக்கென்று ஓர் அமர்வைத் தொடங்கி வைக்கிறது. எக்ஸ்ஆர்க்-எக்ஸ்ஆர்டிபி என்ற மூன்றாவது துண்டு திரையை வரைகிறது. அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் கேட், காவலர், அப்புறம்தான் வீட்டுக் கதவு. எந்த இடத்தில் தடுக்கப்பட்டோம் என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதை நான் வெள்ளிக்கிழமையே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சரியான கடவுச்சொல், தவறான கதவு

பக்கத்து வீட்டு அம்மாவை மாமியாரோடு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அக்கா அலுவலகத்துக்கு வந்தார். மடிக்கணினியும் வந்தது. எக்ஸ்ஆர்டிபியை நிறுவினேன். முதல் சோதனையை அலுவலகத்துக்குள்ளேயே, ஒரே வைஃபையில் செய்தோம். இதை எப்போதும் மறக்காதீர்கள். பக்கத்து மேசையிலிருந்தே சேர முடியாத கணினியை வீட்டிலிருந்து சேர முடியாது.

மடிக்கணினி கடவுச்சொல் கேட்டது. அக்கா தட்டினார். தவறு என்றது. இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் தவறு.

"பத்து வருஷமா இதே பாஸ்வேர்டுதான். எனக்கே தெரியாதா?"

நான் உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். அதுவும் தவறு என்றது. எக்ஸ்ஆர்டிபியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அப்படியேதான் இருந்தது. ஒரு மணி நேரம் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து அழைப்பு வரவும் அக்கா கிளம்பிவிட்டார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

தனியாக உட்கார்ந்த பிறகுதான் செய்ய வேண்டிய முதல் காரியத்தைச் செய்தேன். எக்ஸ்ஆர்டிபி உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்த்தேன். டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் நிலையைக் கேட்டால் சொல்லிவிடும். ஓடவில்லை! பதிவேட்டைத் திறந்தால், போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை, வேறு யாரோ ஏற்கெனவே அதில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருந்தது.

ஆர்டிபியின் வழக்கமான போர்ட் எண் 3389. எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று காட்ட எஸ்எஸ் என்ற சிறு கட்டளை இருக்கிறது. டி, எல், என், பி என்ற நான்கு எழுத்துகளை அதோடு சேர்த்து, நிர்வாகி உரிமையோடு தட்டினால் பட்டியல் வரும். 3389இல் உட்கார்ந்திருந்தது க்னோம் ரிமோட் டெஸ்க்டாப்.

உபுண்டு 22.04இன் அமைப்புகள் பக்கத்தில் 'ஷேரிங்' என்ற பகுதி இருக்கிறது. அதில் இருப்பது உபுண்டுவின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப். அதுவும் ஆர்டிபிதான் பேசும். ஆனால் அதற்குத் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல். கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லை அது ஏற்காது. சில மாதங்களுக்கு முன் 'இது என்ன' என்று பார்க்க அதை இயக்கி விட்டு மறந்தவன் நானேதான். அக்கா தட்டிய கடவுச்சொல் சரியானது. கதவைத் திறக்க வந்தவர்தான் வேறு ஆள்.

"அப்படியானால் அதையே பயன்படுத்தலாமே?" என்று கேட்கலாம். அந்தப் பதிப்பில் அது ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் திரையை மட்டுமே பகிரும். மின்சாரம் போய் வந்து கணினி புதிதாகத் தொடங்கினால், யாராவது நேரில் போய் உள்நுழைந்தால்தான் உண்டு. நம் ஊர் மாலை இடிமழை உங்களுக்குத் தெரியாததா? எக்ஸ்ஆர்டிபிக்கு அந்தச் சிக்கல் இல்லை. யாரும் உள்ளே இல்லாவிட்டாலும் புது அமர்வைத் தானே தொடங்கும்.

ஷேரிங்கை அணைத்தேன். எக்ஸ்ஆர்டிபியை மறுபடி தொடங்கினேன். இந்த முறை அதன் சொந்த உள்நுழைவுப் பெட்டி திரையில் வந்தது.

கறுப்புத் திரை

சனிக்கிழமை காலை அக்காவின் மடிக்கணினியோடு மறுபடி உட்கார்ந்தேன். கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அடுத்த நொடி திரை முழுக்கக் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் இணைப்பே அறுந்தது.

எக்ஸ்ஆர்டிபி நிறுவுபவர்களில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டதால் கேட்டிலும் காவலரிடமும் பிரச்சினை இல்லை. வீட்டுக் கதவுக்கு அப்புறம்தான் ஏதோ தடுக்கிறது. எனவே ஃபயர்வாலையோ நெட்வொர்க்கையோ நோண்டுவது வீண்.

காரணம் எனக்குப் பக்கத்திலேயே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அலுவலகக் கணினியின் திரையில் அக்காவின் பெயரில் நான் உள்நுழைந்திருந்தேன். அதே பெயரில் மடிக்கணினியிலிருந்தும் நுழைகிறேன். உபுண்டுவின் க்னோம் மேசைச்சூழல் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுகளை ஏற்றுக்கொள்ளத் தடுமாறும். நேர்த்திரையில் 'லாக் அவுட்' செய்துவிட்டு மறுபடி முயன்றேன். மேசை வந்தது. திரையைப் பூட்டுவது போதாது, முழுமையாக வெளியேற வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேசை வந்தாலும் சாளரங்கள் ஜவ்வாக இழுத்தன. க்னோமின் அலங்காரங்கள் பழைய கணினிக்கும் தொலைத் திரைக்கும் பாரம். அதனால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய மேசைச்சூழலை நிறுவினேன். அக்காவின் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, எக்ஸ்எஃப்சிஇ அமர்வைத் தொடங்கும் ஒற்றை வரியை அதில் எழுதினேன். அதன் பிறகு தொலைவிலிருந்து வந்தால் எளிய மேசை, நேரில் உட்கார்ந்தால் பழைய மேசை.

பதிவேட்டில் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. குறியாக்கச் சான்றிதழின் ரகசியச் சாவியைப் படிக்க எக்ஸ்ஆர்டிபிக்கு அனுமதி இல்லை என்றது. இது யாரையும் தடுக்காது. அதனால் பலர் கவனிப்பதில்லை. ஆனால் இணைப்பு பலவீனமான பழைய பாதுகாப்பு முறைக்கு இறங்கிவிடும். எக்ஸ்ஆர்டிபி என்ற பயனரை எஸ்எஸ்எல்-செர்ட் என்ற குழுவில் சேர்த்து, சேவையை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். சம்பளக் கணக்கு போகும் பாதையில் இதை விடக்கூடாது.

ரௌட்டரில் ஓட்டை வேண்டாம்

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். "மாமா, ஆபீஸ் ரௌட்டர்ல 3389ஐ ஓப்பன் பண்ணிவிட்டா முடிஞ்சது!" என்றான்.

முடிந்துதான் போகும். திறந்த 3389ஐத் தேடி இரவும் பகலும் இணையத்தைச் சல்லடை போடும் நிரல்கள் ஏராளம். கண்டதும் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயலும். 2019இல் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் ப்ளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தபோது, மைக்ரோசாஃப்ட் தான் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூடத் திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை எக்ஸ்ஆர்டிபியில் இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட கதவைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைக்கக்கூடாது என்பதற்கு அது நல்ல பாடம்.

அதற்குப் பதில் வயர்கார்டு என்ற விபிஎன் அமைத்தோம். 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கருவிலிருந்தே அது உள்ளடங்கி வருகிறது. விண்டோஸுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு கணினிகளுக்கும் ஆளுக்கொரு சாவி ஜோடி. பொதுச் சாவிகளை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். வயர்கார்டுக்கும் ரௌட்டரில் ஒரு யுடிபி போர்ட் திறந்தாக வேண்டும், வழக்கமாக 51820. ஆனால் சரியான சாவி இல்லாமல் வரும் அழைப்புக்கு அது பதிலே சொல்லாது. வெளியிலிருந்து தட்டுபவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. பிறகு உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில், 3389ஐ அலுவலக வைஃபைக்கும் வயர்கார்டு பாதைக்கும் மட்டும் அனுமதித்தேன்.

இதில் இறங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், உங்களுக்குத் தனி முகவரி இல்லை. இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அப்போது போர்ட் திறந்தும் பயனில்லை. தனி முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது இடைச் சேவையகம் வைத்து இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற வசதியை நாட வேண்டும். அக்கா அலுவலகத்தில் தனி முகவரி இருந்தது. தப்பித்தோம்.

இரவு ஒன்பதரைக்கு அலுவலகத் திரை சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அக்கா முதல் கடையின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு உக்காந்து முடிச்சிடுறேன்" என்றார்.

தூங்கிப்போன கணினி

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழைப்பு. "தம்பி, ஒண்ணும் வரலடா."

இந்த முறை நான் பதறவில்லை. வயர்கார்டு வழியாக பிங் கொடுக்கச் சொன்னேன். பதில் இல்லை. அதாவது கேட்டுக்கு வருவதற்கு முன்பே வழி அடைபட்டிருக்கிறது. ஒன்று அலுவலக இணையம் போயிருக்க வேண்டும், இல்லை கணினியே நின்றிருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கணினி தூங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கட்டும், மின்சாரம் மிச்சமாகும் என்று முன்பு அமைத்து வைத்தவனும் நானே.

சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் 'மாஸ்க்' வசதியால் ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஹைப்ரிட்-ஸ்லீப் நான்கையும் முடக்கினேன். அப்படியே பயாஸுக்குள் போய், மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி தானாக இயங்கும்படி மாற்றினேன். இந்த இரண்டும் இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் நிறுவுவது, சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவதற்குச் சமம்.

உங்களுக்காக ஒரு வரிசை

மூன்று நாளும் நான் செய்த தவறு ஒன்றுதான். எங்கே அடைப்பு என்று பார்க்காமல் மருந்து கொடுத்தேன். நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கணினி விழித்திருக்கிறதா, பிங் கொடுத்தால் பதில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, எக்ஸ்ஆர்டிபி, செஸ்மேன் இரண்டு சேவைகளும் ஓடுகின்றனவா? மூன்றாவது, 3389இல் காத்திருப்பது எக்ஸ்ஆர்டிபிதானா, வேறு யாருமா? நான்காவது, ஃபயர்வால் அனுமதிக்கிறதா? ஐந்தாவது, உள்நுழைவுப் பெட்டி வந்தும் கடவுச்சொல் மறுக்கப்பட்டால் செஸ்மேனின் பதிவேட்டைப் பாருங்கள். ஆறாவது, கடவுச்சொல் ஏற்கப்பட்டும் திரை கறுத்தால், அதே பெயரில் வேறு அமர்வு திறந்திருக்கிறதா என்றும், ஹோம் அடைவில் உள்ள எக்ஸ்செஷன் பிழைக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். எக்ஸ்ஆர்டிபி, செஸ்மேன் இரண்டின் பதிவேடுகளும் வார் அடைவின் உள்ளே லாக் அடைவில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிறுவியதை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது கடைசி வழி. பெரும்பாலும் தேவையே படாது.

இன்னொன்று: தொலைத் திரை வேறு, காப்புப் பிரதி வேறு. அலுவலக வன்தட்டு கெட்டால் இரண்டு இடத்திலும் கணக்கு இல்லை. அக்காவின் கோப்புகள் வாரம் ஒருமுறை ஒரு வெளி வன்தட்டுக்கும் போகின்றன.

திங்கட்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டேன். மேசையில் மடிக்கணினி. உணவகத்தின் சம்பளப் பட்டியல் பாதியில் இருந்தது. உள்ளறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. அக்காவுக்கு மட்டும் புரியும். அக்கா மடிக்கணினியை அப்படியே மூடிவிட்டு எழுந்து போனார். அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, வாய் துடைத்துவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்து இணைத்தார். விட்ட இடத்திலேயே, அதே வரிசையில், அதே கட்டத்தில் நின்றது திரை. எக்ஸ்ஆர்டிபியில் சாளரத்தை மூடினால் இணைப்பு மட்டும்தான் போகும். அமர்வு அலுவலகக் கணினியில் அப்படியே காத்திருக்கும். அலுவலகத்துக்கு நேரில் போகும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 'லாக் அவுட்' செய்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அன்று இரவு பதினொன்றுக்கு அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "எல்லாக் கடையும் அனுப்பிட்டேன்." தேதி 14. ஒரு நாள் மிச்சம் இருந்தது.